கேட்டலும் வழிகாட்டலும்

பார்வையற்றோர் சுவரில் மோதுமுன்னரே அதை அறிந்து நிற்பர். முகத்தில் படும் காற்றினால் அறிகின்றனர் என்று 1749-இல் பிரெஞ்சு அறிஞர் திதெரோ எழுதினார். அக்கருத்து நெடுநாள் நிலவியது. 1944-இல் வெளிவந்த அமெரிக்கக் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு அதனைத் திருத்தியது. முகத்தை மூடியபோதும் தடையை உணர்ந்தோர், செவிகளை அடைத்ததும் மோதினர். எதிரொலியே அவர்தம் வழிகாட்டி! ஆய்வாளருள் ஒருவரான மைக்கேல் சூப்பா தாமே பார்வையற்றவர்.

கண்கட்டப்பட்ட பார்வையுடையோரும் பயிற்சியால் இத்திறனைப் பெற்றனர். ஆகவே, பார்வையற்றோருக்கு நடைபயிற்றும் ஆசிரியர் முதலில் தம் கண்களைக் கட்டிக்கொண்டு, நாவைச் சொடுக்கி, எதிரொலிக்குச் செவிசாய்க்கக் கற்பது தகும். பர்த்திமேயுவுக்கு வேண்டுவது யாதெனக் கேட்டபின்னரே ஆண்டவர் அவருக்குப் பார்வை அளித்தார். கேளாதவர் வழிகாட்ட இயலுமோ?