தொட்டிக்கு வந்த மண்புழு

வீட்டுக் குப்பையை மண்புழுவிடம் கொடுத்து உரமாக்கும் பழக்கத்துக்கு வயது குறைவு. மண்புழு மண்ணைப் பண்படுத்தும் விதம் குறித்து சார்லஸ் டார்வின் 1881இல் தனி நூலே எழுதினார். ஆனால் சமையலறைக் கழிவுக்கான புழுப்பெட்டியைப் பரப்பியவர் அமெரிக்க உயிரியல் ஆசிரியை மேரி ஆப்பெல்ஹாஃப். அவரது கையேடு 1982இல் வந்தது.

தமிழ்நாட்டில் இவ்வரலாறு சென்னைப் புதுக்கல்லூரியோடு பிணைந்தது. அங்கே பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில் நாட்டு மண்புழுக்களை ஆராய்ந்தார். வெளிநாட்டுப் புழு தேவையில்லை, உள்ளூர் இனங்களே போதும் என்பது அவர் வாதம். மேலே கிடக்கும் மக்கைத் தின்ன பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ், மண்ணைத் துளைத்துக் கலக்க லாம்பிட்டோ மாரிட்டி. அடியில் உடைத்த செங்கல், மேலே மணல், அதன்மேல் மண், பிறகு சாணமும் சருகும்: அவ்வளவுதான் புழுத்தொட்டியின் படுக்கை. காய்கறித் தோல் போடுவதும் தண்ணீர் தெளிப்பதும் சிறுவர்களே செய்யக்கூடியவை. பிரியாணி மிச்சமும் எலும்பும் மட்டும் கூடாது. தோல் பதனிடும் ஊரான மேல்விஷாரத்து வீடுகளில் இதுதான் கடினமான விதி!

இவ்வூரில் இன்னொரு கவனமும் வேண்டும். ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்ட முறைக்குப் பின் வந்த குரோமியம் பாலாற்றுப் படுகையைக் கெடுத்தது. இம்மாசு தொடர்பான வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைக் கழிவு பட்ட மண்ணைத் தொட்டியில் இடக்கூடாது. புழுவால் குரோமியத்தை அழிக்க முடியாது.