ஓரடுப்புக் குடும்பம்

குடும்பம் என்பது யாது என்று வினவினால், இரத்த உறவைச் சொல்வோம். இல்லையேல் ஒரே கூரையின்கீழ் வாழ்வதைச் சொல்வோம். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்போ இவற்றோடு நிற்கவில்லை. வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, பொதுவானதொரு சமையலறையில் ஆக்கிய உணவை உண்பவர் எவரோ அவரே ஒரு குடித்தனத்தார் என்று அது கணக்கிடுகிறது. தமிழ்நாட்டில் தனிக் குடும்ப அட்டை கேட்பவர் தமக்குத் தனிச் சமையலறை உண்டு என்று காட்டவேண்டும். பழைய இந்து சட்டமும், உணவு, வழிபாடு, உடைமை என்னும் மூன்றிலும் ஒன்றுபட்டதே கூட்டுக் குடும்பம் என்று கருதி வந்தது. அம்மூன்றனுள் உணவு முதற்கண் நிற்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஆகவே, பெருங்குடும்பத்தின் வரலாற்றை அறியப் புகுவோர் பாகப்பிரிவினைப் பத்திரங்களைப் புரட்டுவதற்கு முன் அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்ப்பது தவறாகாது.

ஆனால் வீட்டு அடுப்பங்கரை தன்னைப்பற்றி ஒன்றும் எழுதிவைக்கவில்லை. கோயில் மடைப்பள்ளி எழுதிவைத்தது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயிலில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்கள், ‘ஆடவல்லான்’ என்று பெயர் பெற்ற மரக்காலால் நெல்லை அளந்து, அமுதுபடிக்குரிய அரிசி, பருப்பு, நெய், தயிர், அடைக்காய் ஆகியவற்றை நாழி, உழக்கு, ஆழாக்கு என்று கணக்கிட்டுச் சொல்கின்றன. அரண்மனையும் எழுதிவைத்தது. 1798 முதல் 1832 வரை தஞ்சையில் அரசிருந்த இரண்டாம் சரபோஜியின் காலத்துச் ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ மராத்தி மொழியில் அமைந்தது. தெய்வத்திற்கும் மன்னனுக்கும் சமைத்தோர் கணக்கு வைத்தனர். மாமனாருக்கும் மைத்துனருக்கும் சமைத்தோர் வைக்கவில்லை.

வீட்டுச் சமையலுக்கென்று ஏடு இல்லாவிடினும் சுவடு உண்டு. வைணவர் இல்லங்களில் இன்றும் வழங்கும் கறியமுது, சாத்தமுது, திருக்கண்ணமுது என்ற பெயர்கள் கோயில் வழக்கோடு ஒட்டியவை. சிராத்தச் சமையல் மற்றொரு சுவடு. அன்று இலையில் மிளகாய் வாராது. உருளைக்கிழங்கு, தக்காளி, முட்டைக்கோசு வாரா. மிளகும் வாழைக்காயும் பாகற்காயும் வரும். மிளகாயும் தக்காளியும் உருளையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து, போர்ச்சுகீசியர் 1498-இல் கள்ளிக்கோட்டையில் வந்திறங்கிய பின்னரே இந்நாடு புகுந்தவை. மிளகு என்ற பழைய பெயரிலிருந்து மிளகாய்க்குப் பெயர் அமைத்துக்கொண்டோம். ஆனால் பிதிரர்களுக்கு இடும் இலைக்கு அதனை ஏற்றவில்லை. ஆண்டுக்கொரு முறையேனும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட சமையலை உண்கிறோம் என்பதை உண்போர் பெரும்பாலும் உணர்வதில்லை!

இனி, காவிரிப் பாசனப் பகுதியில் நிலமுள்ள பெருங்குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிலமுள்ள குடும்பம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மூன்று தலைமுறையினர் ஓரடுப்பில் உண்ண வேண்டுமாயின், ஆண்டு முழுவதற்கும் போதிய நெல் வீட்டில் இருக்க வேண்டும். அந்நெல்லை விளைவித்த உழவுத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அந்த வசதி என்றும் வாய்த்ததில்லை. கூட்டுக் குடும்பமே தமிழரின் பொது வாழ்க்கைமுறை என்று பேசுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

அக்குடும்பத்தில் இருபத்துநான்கு பேர் என்று கொள்வோம். எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆளுக்கு வேளைக்கு ஓர் ஆழாக்கு அரிசி என்றால், வேளைக்கு மூன்று படி, நாளைக்கு ஆறு படி. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்ற வாய்பாட்டின்படி, ஆண்டுக்கு இருபத்திரண்டு கலத்திற்கு மேல் அரிசி வேண்டும். நெல்லில் பாதியே அரிசியாகத் தேறும் என்று வைத்தால், நாற்பத்தைந்து கலம் நெல் பத்தாயத்தில் இருக்க வேண்டும். ஊருக்கு ஊர் படியும் மரக்காலும் வேறுபட்டன. ஆயினும் மாமியாரின் இடுப்பில் தொங்கிய உக்கிராணச் சாவியின் பொருள் எங்கும் ஒன்றே. விடியலில் அவர் அளந்து போடும் அரிசிதான் அன்றைய குடும்பத்தின் வரவுசெலவுத் திட்டம்.

நெல் குத்தும் உலக்கையோசையோடு நாள் தொடங்கிற்று. பின்னர் ஆலைகள் வந்து அவ்வேலையைப் பெண்களின் கைகளிலிருந்து எடுத்துக்கொண்டன, தவிட்டையும் எடுத்துக்கொண்டன. தீட்டிய அரிசியால் வரும் ஊட்டக்குறைவைப்பற்றிக் குன்னூரில் மெக்காரிசன் முதலியோர் ஆராய்ந்தனர். அது தனியொரு கதை. காலையில் சிறுவர்க்குப் பழையதும் உப்பு நார்த்தங்காயும். காப்பி அவ்விடத்தைப் பிடித்தது பிற்காலத்தில்தான். நண்பகலுக்கு வெண்கலப் பானையில் சோறு, கற்சட்டியில் குழம்பு, ஈயச் சொம்பில் ரசம். வடித்த கஞ்சி துணிக்கும், கழுநீர் மாட்டுக்கும் போயின. மாசி பங்குனியில் புதுப்புளி வாங்கி, கொட்டை நீக்கி, உப்பிட்டுப் பானையில் அடைப்பர். மாவடு போடுவர். கோடை வெயிலில் வடாமும் வற்றலும் மொட்டை மாடியில் காயும். காக்கை விரட்டுவது பிள்ளைகளின் பணி. பத்துக் கைகள் இருந்தாலன்றி நடவாத வேலைகள் இவை.

அந்தப் பத்துக் கைகளுக்குரியவர் எப்பொழுது உண்டனர் என்பதையும் கேட்கவேண்டும். முதற்பந்தி பிள்ளைகளுக்கும் ஆடவர்க்கும் விருந்தினர்க்கும். பின்னர் மாமியார், நாத்தனார். கடைசியில் மருமகள்கள். எதிர்பாராத விருந்தினர் இருவர் வந்தால் ரசத்தில் இரண்டு செம்பு நீர் கூடும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்த வேடிக்கையின் செலவைக் கடைசிப் பந்தியே ஏற்றது. சோறு எஞ்சும், கறி எஞ்சாது. மோர் எஞ்சும், தயிர் எஞ்சாது. சூலுற்ற பெண்ணுக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் பந்தியின் வரிசை பெரும்பாலும் மாறியதில்லை. இன்னொருத்தியும் அவ்வீட்டில் இருந்தாள்: மடியோடு சமைத்து, ஒருவேளை மட்டும் உண்டு, நல்ல காரியங்களில் முன்வராமல் ஒதுங்கி நின்ற கைம்பெண். குடும்பத்தின் நாவிற்கே அவள் கை தலைமை வகித்தது. ஆனால் அவள் நாவிற்கு விலக்கப்பட்டவை பல. பெருங்குடும்பத்தின் உணவை வியந்து எழுதுவோர் பலரும் முதற்பந்தியில் உண்டவர்களே.

இதே காலத்தில், தமிழ்நாட்டிலேயே வேறொரு வழியும் இருந்தது. காரைக்குடி வட்டாரத்து நகரத்தார் வீடுகளைக் கண்டோர், அவற்றின் கட்டுக்களையும் தூண்களையும் வியந்து, இத்துணைப் பெரிய வீட்டில் எத்துணைப் பெரிய அடுப்பு எரிந்திருக்கும் என்று எண்ணக்கூடும். உண்மை வேறு. மகனுக்குத் திருமணமாகிச் சிறிது காலம் கழிந்தபின் ‘வேறு வைத்தல்’ என்னும் வழக்கப்படி, புதுக் குடித்தனத்திற்குப் பாத்திரம் பண்டங்களும் உணவுப் பொருள்களும் தந்து, தனியே சமைத்துக்கொள்ளச் செய்வர். வீடு ஒன்று, வாசல் ஒன்று, அடுப்புக்கள் பல. திருமணம் முதலிய விசேடங்களுக்கு மட்டும் பொது உலை. ஆடவர்கள் கணக்குப் பேரேட்டுடன் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் சென்று ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்க, அவர்தம் மனைவியர் தத்தம் அடுப்பையும் தத்தம் செலவையும் தாமே ஆண்டனர். வட்டிக் கணக்கில் வல்ல சமூகம் அடுப்புக் கணக்கிலும் வல்லதாய் இருந்தது என்பது என் எண்ணம். ஒரே கூரைக்குள் தனியுரிமையும் உறவும் நிற்க இடந்தந்த ஏற்பாடு இது. காவிரிக்கரை வீடுகள் இதனைக் கற்றுக்கொள்ளவில்லை.

காவிரிக்கரையின் ஓரடுப்பைக் கலைத்தது ஊதியம். ஆங்கிலம் கற்ற பிள்ளை சென்னைக்கும், பின்னர்ப் பம்பாய்க்கும், கல்கத்தாவுக்கும், டில்லிக்கும் போனான். அவனுடைய சம்பளம் யாருக்குரியது? குடும்பப் பணத்தால் படித்தவன் ஈட்டியது குடும்பத்திற்கே உரியது என்ற வாதம் நீதிமன்றங்களில் வலுவாக இருந்தது. 1921-இல் லண்டன் பிரிவி கவுன்சில், குடும்பச் செலவில் பயின்று சிவில் சர்வீசில் சேர்ந்த ஒருவரின் வருவாயும் பங்கிடத்தக்கதே என்று தீர்ப்பளித்தது. 1930-இல் இயற்றப்பட்ட இந்து கல்வி ஈட்டச் சட்டமே, கற்றவன் தேடிய பொருள் அவனுடைய சொந்தப் பொருள் என்பதை ஐயமின்றி நிலைநாட்டிற்று. அதன் பிறகும் மாதந்தோறும் மணியார்டர் ஊருக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. அது சட்டத்தின் கட்டாயத்தால் அன்று. பத்தாயத்து நெல்லைத் தின்று வளர்ந்த கடனால்.

மாதுங்காவிலும் கரோல்பாக்கிலும் குடியேறிய இளம் மனைவிக்கு நேர்ந்த இடர் வேறு வகையது. அவளுக்குத் தெரிந்த சமையல் இருபத்துநான்கு பேருக்கானது. அதுவும் பத்துப் பேர் பகிர்ந்துகொண்ட சமையல். ஒருத்திக்கு அரைக்கத் தெரியும், இன்னொருத்திக்குத் தாளிக்கத் தெரியும்; உப்பு இடும் உரிமை மாமியாருடையது. முழுச் சமையலையும் தனியொருத்தி தொடக்கமுதல் முடிவுவரை செய்து பழகியதில்லை. ‘கண்ணளவு’, ‘கையளவு’, ‘பதம் பார்த்து’ என்ற சொற்கள் அருகில் ஒருவர் நின்று காட்டும்வரைதான் பொருள் தரும். அன்றியும், மாதவிலக்கு நாட்களில் அடுப்பைத் தொடாத வழக்கம் பெருங்குடும்பத்தில் ஒருவர்க்கும் இடைஞ்சல் தந்ததில்லை. ஓரறைக் குடியிருப்பில் அந்நாட்களில் யார் சமைப்பது? வெளியூர்த் தமிழ்க் கணவர் பலர் சாதம் வடிக்கக் கற்றுக்கொண்டது இந்த முட்டுப்பாட்டினால்தான். சீர்திருத்தப் பேச்சாளர்களால் ஆகாததை இட நெருக்கடி செய்துமுடித்தது!

பின்னர்ப் போர் வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று; பர்மா அரிசி நின்றது. 1943 மே மாதத்தில் பம்பாயில் உணவுப் பங்கீடு தொடங்கிற்று. மாமியார் அளந்த அரிசியை இப்போது சர்க்கார் அளந்தது. அரிசி குறைந்த வாரங்களில் கோதுமையைக் கொண்டு சமாளிக்க வேண்டியதாயிற்று. சோறே உணவு என்று இருந்தவர்கள் சப்பாத்தியை இரவு உணவாக ஏற்றது ஆசையால் அன்று, அட்டையால்.

இச்சூழலில் ஊருக்குச் சென்ற கடிதங்களில் ஒரு புதிய செய்தி இடம்பெற்றது: வற்றற்குழம்பு வைப்பது எப்படி? சென்னையில் வாழ்ந்த எஸ். மீனாட்சி அம்மாளுக்கு உறவினர்களிடமிருந்து இத்தகைய கடிதங்கள் வந்தவண்ணம் இருந்தன. அவர் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். பதில் எழுதியே களைப்பதைவிட நூலாக எழுதலாமே என்று அவருடைய மாமா, வழக்கறிஞர் கே. வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர், தூண்டினார். 1951-இல் ‘சமைத்துப் பார்’ வெளிவந்தது. தமிழில் சமையல் நூல்கள் அதற்கு முன்னரும் இருந்தன. ஆனால் அடுப்பருகே நின்று காட்ட ஒருவருமில்லாத பெண்ணை எதிரில் அமர்த்திக்கொண்டு எழுதியது இந்நூல். இன்னின்ன பொருள், இவ்வளவு அளவு, இதன்பின் இது என்று வரிசையாகச் சொல்லிற்று. இருபத்துநான்கு பேரின் உலை, நான்கு பேரின் பாத்திரத்துள் அடங்கிற்று. கடைசிப் பந்தியில் உண்டவர்கள் கையில் இருந்த கலையை, அவர்களுள் ஒருவராய் வாழ்ந்தவரே எழுத்தில் ஏற்றினார் என்பதை நான் சிறப்பாகக் கருதுகிறேன். மணமாகி வெளியூர் செல்லும் பெண்ணின் பெட்டியில் குத்துவிளக்கோடு இந்நூலும் இடம்பெற்றது.

நூல் வந்தும் அளவைத் தொல்லை தீரவில்லை. தமிழ்நாட்டு ஆழாக்கும் பலமும் வீசையும் வடநாட்டுக் கடைக்காரருக்கு விளங்குமா? ஒரு பலம் மூன்று தோலா, ஏறத்தாழ 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, அதாவது 1.4 கிலோ. டில்லிக் கடையிலோ எண்பது தோலாச் சேர். நாற்பது பலப் புளி வாங்கப் போனவள் ஒன்றரைச் சேர் என்று கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தபோது, பலமும் சேரும் ஒருங்கே விடைபெற்றன. ஆழாக்கு மட்டும் கடையை விட்டு நீங்கியும் சமையலறையை விட்டு நீங்கவில்லை. சோறு வைக்கும் கைப்பிடி டம்ளருக்கு அப்பெயரே பல வீடுகளில் வழங்குகிறது.

1959-இல் இந்தியாவில் செய்யப்பட்ட பிரஷர் குக்கர்கள் விற்பனைக்கு வந்தன. கோயம்புத்தூரில் 1950-களில் உருவான மாவரைக்கும் யந்திரம் மெல்லமெல்லப் பம்பாய்க் குடியிருப்புக்களின் மூலைகளில் இடம்பிடித்தது. ஆட்டுக்கல்லின்முன் அமர்ந்த இருவரில் ஒருவரின் வேலையை அது செய்தது. மற்றொருவரோடு பேசும் பேச்சை அதனால் செய்ய இயலவில்லை. அதனை இழப்பென்று சொல்வோர் ஆட்டுக்கல்லில் நாலு படி மாவு அரைத்துப் பார்த்தபின் சொல்லட்டும்.

மீனாட்சி அம்மாள் 1962-இல் மறைந்தார். அவருடைய நூல் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. வெளிமாநிலங்களில் பிறந்த பெயர்த்திகளுள் பலர்க்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. அவர்கள் ஆங்கில எழுத்தில் சாம்பார்ப் பொடியின் அளவைப் படித்து, தமிழில் பாட்டியைத் தொலைபேசியில் அழைத்து, மிளகாய் வறுபட்ட மணம் எப்படியிருக்க வேண்டும் என்று கேட்கின்றனர்.