சென்னையில் சதுரங்கப் பயிற்சி: மன்றத்திலிருந்து பயிற்சியகத்துக்கு

சென்னையில் சிறுவர்களுக்கான சதுரங்கப் பயிற்சி, ஆர்வலர்களின் சேவையாகத் தொடங்கி, சுமார் அரை நூற்றாண்டில் கட்டணம் பெறும் தொழிலாக வளர்ந்தது. தாம்பரம், குரோம்பேட்டை, அஸ்தினாபுரம் உள்ளிட்ட தென்புறநகர்களில் இன்று பெற்றோர் கட்டணம் செலுத்திப் பிள்ளைகளைச் சேர்க்கும் வகுப்புகள் இவ்வளர்ச்சியின் தொடர்ச்சியே.

தால் சதுரங்க மன்றம்

இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன், 1972இல் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் இம்மன்றத்தைத் தொடங்கினார். முன்னாள் உலக வாகையர் மிகைல் தாலின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. இது லாப நோக்கமற்றது. இடத்தையும் நூல்களையும் சோவியத் மையம் அளித்தது. சிறுவர்கள் மூத்த வீரர்களுடன் விரைவு ஆட்டங்கள் ஆடியே கற்றனர். இங்கு ஆடிய விசுவநாதன் ஆனந்த் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

தொழிலாக மாற்றம்

ஆனந்தின் வெற்றிகளுக்குப் பின் சதுரங்கம் கற்க விரும்பும் குழந்தைகள் பெருகினர். மாலை நேர ஆர்வலர்களால் மட்டும் இத்தேவையை நிறைவு செய்ய இயலவில்லை. முழுநேரப் பயிற்சியாளர்கள் தேவைப்பட்டனர். கிராண்ட்மாஸ்டர் ஆர். பி. ரமேஷ் இந்தியன் ஆயில் நிறுவனப் பணியை விட்டுப் பயிற்சியைத் தொழிலாக ஏற்றார். 2008இல் மனைவி ஆர்த்தி ராமசாமியுடன் செஸ் குருகுலத்தைத் தொடங்கினார். ஆர்த்தி 1999இல் 18 வயதுக்குட்பட்டோருக்கான உலக மகளிர் பட்டம் வென்றவர். இவர்களிடம் பயின்ற பிரக்ஞானந்தா 2018இல் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அவருடைய அக்கா வைஷாலியும் பின்னர் அப்பட்டம் பெற்றார். ரமேஷுக்கு 2023ஆம் ஆண்டுக்கான துரோணாச்சாரியார் விருது வழங்கப்பட்டது.

செலவும் வாய்ப்பும்

மன்றக் காலத்திலும் பயிற்சிக்குச் செலவு இருந்தது. அதைச் சோவியத் மையமும் ஆர்வலர்களின் நேரமும் ஈடுசெய்தன. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது, பிறர் தயவில் நிற்கும் ஏற்பாட்டின் நிலையின்மையைக் காட்டியது. கட்டணம் பயிற்சியாளருக்கு வாழ்வாதாரத்தையும் பயிற்சிக்குத் தொடர்ச்சியையும் தந்தது. ஆனால் சுமை குடும்பத்தின் மீது விழுந்தது. வெளிநாட்டுப் போட்டிகளுக்கான பயணம் இச்சுமையைப் பெருக்கியது. 2024இல் உலக வாகையரான குகேஷுக்காக அவருடைய தந்தை தம் மருத்துவப் பணியை விட்டு உடன் பயணித்தார். ஒரு கட்டத்தில் பெற்றோரின் நண்பர்களே செலவுக்கு உதவினர்.

இந்த இடைவெளியை நிரப்பப் பள்ளிகளும் புரவலர்களும் முன்வந்தனர். வேலம்மாள் பள்ளிகள் சதுரங்க வீரர்களை ஊக்குவித்தன. 2020இல் ஆனந்த், வெஸ்ட்பிரிட்ஜ் நிறுவனத்தின் ஆதரவுடன் இளம் வீரர்களுக்கான பயிற்சியகத்தைத் தொடங்கினார். பிரக்ஞானந்தா, குகேஷ் ஆகியோர் அதில் இடம்பெற்றனர்.

ஆர்வலர் பயிற்சி தொழிலாவது தரத்தை உயர்த்தலாம் என்பதைச் சென்னையின் அனுபவம் காட்டுகிறது. கட்டணம் செலுத்த இயலாத குழந்தைக்கும் வழி திறந்திருக்க வேண்டுமெனில், பள்ளி, புரவலர், அரசு ஆகியோரில் ஒருவர் அச்செலவை ஏற்க வேண்டியுள்ளது.