சிரிக்க வைத்துக் கேள்வி கேட்ட பாடகர்: கே.ஏ. குணசேகரன்

'மனுசங்கடா' பாட்டை எழுதியது யார் என்று நம் கூட்டங்களில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் கே.ஏ. குணசேகரன் என்பார்கள். எழுதியவர் கவிஞர் இன்குலாப். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்ட கொடுமையிலிருந்து பிறந்த பாட்டு. அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது குணசேகரனின் குரல். அதனால்தான் இந்தக் குழப்பம். ஒரு பாடகருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு என்ன இருக்கிறது? (இன்குலாப் பெயரைச் சொல்லிவிட்டே பாடுங்கள் தோழர்களே, அது வேறு.)

அந்தப் பாட்டு அழுவதில்லை. ஒப்பாரி வைக்க எல்லாக் காரணமும் இருந்தும் எகத்தாளமாகக் கேள்வி கேட்கிறது. குணசேகரனுக்கு அது கைவந்த தொனி. 1955இல் இளையான்குடி பக்கம் மாரந்தையில் பிறந்தவர். 2005இல் வந்த 'வடு' தன்வரலாற்றில், சாதி பார்க்காத இளையான்குடி முஸ்லிம்களையும் சாதி கேட்டே பேச்சைத் தொடங்கும் சுற்றுப்பட்டு ஊர்களையும் பேச்சு நடையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். சிரித்துக்கொண்டே படித்துப் போவோம். ஏன் சிரித்தோம் என்று ஒரு இடத்தில் நின்றுவிடுவோம்.

தன்னானே கலைக்குழு அவருடையது. பாடகி சின்னப்பொண்ணு அவர் மேடையிலிருந்து வளர்ந்தவர். 'பலி ஆடுகள்' தமிழின் முதல் தலித் நாடகம் என்று சொல்லப்படுகிறது. அதில் தலித் ஆணுக்குப் பதிலாக அவன் மனைவி பலிக்கு நிறுத்தப்படுகிறாள். நம் ஆண்களையும் அவர் விட்டுவைக்கவில்லை.

பறையை விட்டொழிப்பதா, மேடையேற்றுவதா என்று அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி நடந்த விவாதம் இன்றும் முடியவில்லை. சாவுக்கு அடிக்கச் சொல்லும் கட்டாயத்தை மறுத்து, அதே பறையைக் கலையாக நிமிர்த்தியதில் குணசேகரனுக்குப் பங்கு உண்டு. என் பார்வையில் அதுதான் சரியான வழி.

திண்டிவனத்துக்காரர்களுக்கு அவர் தூரத்து ஆள் இல்லை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பேராசிரியராக இருந்தவர். 2016 ஜனவரி 17 அன்று புதுச்சேரியில்தான் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பரில் இன்குலாப்பும் போனார்.

மேல்சித்தாமூரின் சமண மடத்தையும் பார்சுவநாதர் கோயிலையும் பற்றிப் படிக்கப் புத்தகங்கள் உண்டு. இதே வட்டாரத்தில் பறையடித்தவர்களின், கூத்தில் கட்டியங்காரன் வேஷம் கட்டி ராஜாவையே கிண்டலடித்தவர்களின் வரலாற்றைப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டுத்தான் வாங்க வேண்டும். ராத்திரி ராஜாவை நக்கலடித்தவர் விடிந்ததும் ஊர்த்தெருவில் எப்படி நடந்து போனார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். வெண்மணி தெரிந்த நம் மாணவர்களில் பலருக்கு இது தெரியாது. காரணங்கள் பல இருக்கலாம். வெண்மணிக்கு ஒரு பாட்டும் அதைச் சுமந்து திரிய ஒரு குரலும் கிடைத்தன என்பதும் அதில் ஒன்று. விழுப்புரத்தின் பெயரைச் சொல்லும் பாட்டை நீங்கள் எத்தனை மேடையில் கேட்டிருக்கிறீர்கள்?