லிப்ரே ஒபிஸ் வந்த கதை



நம்மூரில் பாடசாலைக் கடிதம், பள்ளிவாசல் கணக்கு, மரண உதவிச் சங்க அறிக்கை எல்லாம் ரைப் ஆவது பெரும்பாலும் மைக்ரோசொப்ட் ஒபிஸில்தான். அதில் காசு கொடுத்து வாங்கியது எத்தனை என்று நான் கேட்கப்போவதில்லை. சட்டப்படியே சும்மா கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

1980களின் நடுவில், மார்கோ பியோரீஸ் என்ற ஜேர்மனிய இளைஞர், படிக்கிற வயதிலேயே ஸ்டார் டிவிஷன் என்ற கம்பனியைத் தொடங்கினார். 1999இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கியது. ஊழியர் எல்லோருக்கும் மைக்ரோசொப்ட் அனுமதி வாங்குவதைவிடக் கம்பனியையே வாங்குவது மலிவாக இருந்ததாம். சன்னில் வேலை செய்த சைமன் ஃபிப்ஸ் பின்னர் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. 2000இல் சன் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம். அதுதான் ஒப்பன் ஒபிஸ்.

2010இல் சன்னை ஒராக்கிள் வாங்கியதும் தொண்டர்களுக்குப் பயம் வந்தது. அதே நிரலை எடுத்துக்கொண்டு செப்டெம்பர் 28இல் தனியாகப் போனார்கள். லிப்ரே ஒபிஸ் பிறந்தது. முதலாளி மாறியும் வேலை நிற்கவில்லை. விலை இல்லை என்பதைவிட இதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

கந்தோர்களை மாற்றியவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம், உமாசங்கர் பொறுப்பில் இருந்த 2007 காலத்தில், லினக்ஸுக்கும் ஒப்பன் ஒபிஸுக்கும் போனது. ஜேர்மனியின் மியூனிக் மாநகரசபை 2003இல் முடிவெடுத்து, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்ற 2013 வரை எடுத்தது. முதலில் விண்டோஸிலேயே ஒப்பன் ஒபிஸைப் பழக்கினார்கள், பிறகுதான் லினக்ஸ். உண்மையில் அவர்களை இழுத்தடித்தது பிரிவுக்குப் பிரிவு சிதறிக் கிடந்த ஆயிரக்கணக்கான படிவங்கள். 2017இல் சபை மறுபடி விண்டோஸுக்குத் திரும்ப முடிவெடுத்தது. மென்பொருளா, அரசியலா காரணம் என்று இன்னும் சண்டை!

நமக்கு அந்தப் படிவச் சிக்கல் பாமினி வடிவில் இருக்கிறது. பாமினி, ஆங்கில 'எம்' எழுத்தின் இடத்தில் 'அ' வடிவத்தை வைக்கும் எழுத்துரு. அது இல்லாத கணினியில் உங்கள் கடிதம் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான். ஒபிஸை மாற்றினாலும் இது தீராது. ஆகவே முதலில் பழைய கடிதங்களை யுனிகோடுக்கு மாற்றுங்கள். இப்போதுள்ள வேர்டிலேயே வைத்திருக்கலாம். அதன்பிறகு லிப்ரே ஒபிஸைப் பக்கத்திலேயே நிறுவி, மாதாந்தக் கடிதம் ஒன்றை மட்டும் அதில் அடித்துப் பாருங்கள்.

சங்கக் கடிதங்கள் வைத்திருப்பவர்கள் பென் டிரைவோடு வாருங்கள், சேர்ந்து மாற்றுவோம்.