சிதறும் சிந்தையும் செபமும்

முழந்தாளிட்டுக் கைகுவித்த மறுகணமே மனம் வேறெங்கோ ஓடிவிடுவதை அறியாத பக்தர் எவருமில்லை. இது நம் காலத்துப் பரபரப்பினால் விளைந்த கேடு என்று எண்ணுவோர் உளர். வரலாறோ வேறு கூறுகின்றது. ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முன்னர், ஊரின் ஓசை எட்டாத எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த கிறிஸ்தவத் துறவிகளையும் இதே துன்பம் வருத்தியது.

நான்காம் நூற்றாண்டில், நைல் நதியின் கழிமுகத்திற்கு அப்பால் நித்திரியா, கெல்லியா, ஸ்கேத்தே என்னும் இடங்களில் துறவியர் குடியிருப்புகள் பெருகின. பாய் முடைந்தும் கயிறு திரித்தும் உண்டு, எஞ்சிய பொழுதெல்லாம் செபத்தில் நிலைக்க அவர்கள் முயன்றனர். சந்தையை விட்டு வந்தவர்கள், சந்தையின் இரைச்சல் தம் உள்ளத்தோடு கூடவே வந்திருப்பதைக் கண்டனர்.

அந்த இரைச்சலை ஆராய்ந்து வகுத்தவர் எவாகிரியுஸ். கொன்ஸ்தாந்திநோபிளில் புகழுடன் விளங்கிய அவர், அதனைத் துறந்து, 399இல் இறக்கும்வரை இப்பாலைவனத்தில் வாழ்ந்தார். பெருந்தீனி, மோகம், பொருளாசை, துயரம், சினம், சோர்வு, வீண்புகழ், அகந்தை என மனத்தைக் கலக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தார். செபத்தைப் பற்றி 153 சிறு பகுதிகள் கொண்ட நூலொன்றும் இயற்றினார். பகையை நெஞ்சில் வைத்துக்கொண்டு செபிப்பவன் ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புபவனை ஒப்பான் என்பது அவர் கருத்து. செபவேளையில் கடவுளுக்கு எவ்வித வடிவமும் கற்பித்தலாகாது என்றும் அவர் போதித்தார்.

அந்தப் போதனை எளிய உள்ளங்களுக்கு எத்துணைக் கடினமானது என்பதை 399ஆம் ஆண்டு காட்டிற்று. கடவுளுக்கு மனித உருவம் இல்லை என்று அலெக்சாந்திரியாவின் பேராயர் தெயோபிலுஸ் அவ்வாண்டு திருமுகம் விடுத்தார். ஸ்கேத்தேயில் சராபியோன் என்னும் முதிய துறவி, நெடுங்காலமாக மனித உருவிலேயே இறைவனை எண்ணித் தொழுதுவந்தவர். கற்றோர் விளக்கியதும் தம் எண்ணம் பிழையென ஏற்றுக்கொண்டார். ஆயினும் எல்லோரும் செபிக்க எழுந்தபோது, பற்றிக்கொள்ள ஏதுமின்றி அவர் மனம் தடுமாறிற்று. தம் கடவுளைத் தம்மிடமிருந்து எடுத்துவிட்டார்களே என்று அம்முதியவர் தரையில் வீழ்ந்து அழுதார்.

இதனை எழுதிவைத்தவர் யோவான் கசியன். அக்கண்ணீரால் கலங்கிய அவரும் அவர் தோழர் ஜெர்மானுசும் ஈசாக் என்னும் முதியவரை நாடினர். உருவமின்றி மனம் எதைப் பற்றி நிற்கும் என்று வினவினர். ஈசாக் அவர்களுக்கு நீண்ட தத்துவம் எதனையும் கூறவில்லை. இறைவனை விரைந்து துணைக்கு அழைக்கும் 70ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தைக் கொடுத்தார். வேலையிலும் வழிநடையிலும், உண்ணும்போதும் உறங்கப் போகும்போதும் அதனையே நெஞ்சில் சுழலவிடுமாறு பணித்தார்.

அதன் காரணத்தை மோசே என்னும் மற்றொரு முதியவர் கூறிய உவமையில் காணலாம். நீரின் வேகத்தால் சுழலும் ஆலைக்கல்லை நிறுத்த இயலாது. ஆனால் அதில் கோதுமையை இடுவதா, களை விதையை இடுவதா என்பது ஆலைக்காரன் கையில் இருக்கின்றது. மனமும் அத்தகையதே. அதனை வெறுமையாக்கப் போராடுவது வீண். நல்ல தானியம் இடுவதே நம் கடன்.

கசியன் பின்னர் தென் பிரான்சின் மார்செய் நகரில் வாழ்ந்து, இவற்றை 24 உரையாடல்களாக எழுதினார். எகிப்தியச் சகோதரரின் செபங்கள் எறியப்பட்ட அம்புகள்போல் குறுகியவை என்றும், கவனம் மழுங்காதிருக்கவே அவ்வாறு செபித்தனர் என்றும் ஏறக்குறைய 412இல் புனித அகுஸ்தீனார் ஒரு கடிதத்தில் பாராட்டினார். ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவற விதியில், செபம் குறுகியதாயும் தூயதாயும் இருத்தல் வேண்டும் என வகுத்தார். பகற்பொழுதின் ஒவ்வொரு வழிபாட்டையும் அந்தச் சங்கீத வசனத்தாலேயே தொடங்கவும் விதித்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் நேரச்செபங்களில் அவ்வழக்கம் இன்றும் நிலவுகின்றது.

செபத்தில் மனம் சிதறுகின்றதே என்று வருந்துவோர் சராபியோனின் கண்ணீரை நினைத்தல் நன்று. பிழையான பிடிப்பை அகற்றினால் மட்டும் போதாது. அதனிடத்தில் நல்ல பிடிப்பொன்றை வைத்தல் வேண்டும். கற்றவர்க்கும் கல்லாதவர்க்கும் ஒருங்கே கைவரக்கூடிய ஒரு சிறு வசனத்தை அப்பாலைவனம் அதற்காகவே தேர்ந்தெடுத்தது.