லேபிளோரத்து எழுத்துகள்

ஒரே கலைஞர்கள், ஒரே பதிவு. ஆனால் இரண்டு இசைத்தட்டுகள் இருவிதமாக ஒலிக்கும்.

வாக்னரின் 'தாஸ் ரைன்கோல்ட்' இசைநாடகத்தை ஜார்ஜ் ஷோல்ட்டி நடத்த, 1958இல் வியன்னாவின் சோஃபியன்சால் அரங்கில் டெக்கா நிறுவனம் பதிவு செய்தது. இங்கிலாந்தின் நியூ மால்டன் ஆலையில் அச்சான அதன் பழைய தட்டுகளுக்கு இன்றும் மவுசு உண்டு.

ஒலிநாடாவிலிருந்து லாக்கர் தட்டை வெட்டி, அதிலிருந்து உலோக அச்சுகளைப் படிப்படியாக எடுத்து, கடைசி அச்சான ஸ்டாம்பரால்தான் வினைலை அழுத்துவார்கள். ஸ்டாம்பர் தேயத் தேய நுட்பமான ஒலிகள் மங்கும். எத்தனையாவது ஸ்டாம்பர் என்பதை லேபிளைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் எழுத்தாகப் பொறித்தது டெக்கா. 'பக்கிங்ஹாம்' என்ற பெயரின் பத்து ஆங்கில எழுத்துகள்தாம் 1 முதல் 9, பிறகு 0. 'பி' என்றால் முதலாவது. 'யு', 'கே' சேர்ந்தால் 24. போட்டி நிறுவனமான ஈஎம்ஐ, 'கிராமஃபோன் லிமிடெட்' பெயரைச் சுருக்கி இதையே செய்தது.

1980இல் டெக்கா, பாலிகிராம் இசை நிறுவனத்தின் வசமானது. நியூ மால்டன் ஆலை மூடப்பட்டது. அதன் பிறகு டெக்கா தட்டுகள் ஹாலந்தில் அச்சாகின.

டிஜிட்டலாக்குவோர் தட்டைக் கழுவியதும் லேபிளோரத்து எழுத்துகளைக் கோப்பின் பெயரிலேயே குறித்துவைப்பது நல்லது. ஒப்பிடும் முன் இரண்டு கோப்புகளின் ஒலியளவையும் சமமாக்குங்கள். இல்லாவிட்டால் உரக்க ஒலிப்பதே உயர்ந்த அச்சாகத் தோன்றிவிடும்.